பரிசல் அசையாத இருபது நிமிடம்

கோகிலவாணிக்கு உடும்பின் மேல் மனசு போனது ஒரு கோழிப்பண்ணையில்தான்.

நாமக்கல்லில் கோழிகளின் ரத்தத்தைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் அவள் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். கணவர் சந்திரசேகர் லாரியில் மகாராஷ்டிரா பக்கம் கிளம்பினால் திரும்பி வர இருபது நாளாகும். மகள் கிருத்திகா கோவையில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் புதுச்சத்திரத்து வீட்டில் துணி துவைப்பதும் மத்தியானம் தூங்குவதும்தான் அவளுக்கு வேலை.

போன வருடம் ஒருநாள் ரத்த மாதிரி எடுக்க ஒரு பண்ணைக்குப் போயிருந்தாள். கொட்டகைக்குப் பின்னால் ஒரே கூச்சல். ஆட்கள் கையில் கல்லோடு ஓடினார்கள். சுற்றுச்சுவரின் மேல், வாயில் ஒரு முட்டையோடு, முழங்கை நீளத்துக்கு ஒரு உடும்பு. கற்கள் வந்து விழுந்துகொண்டிருக்கும்போதே அது தலையை நிமிர்த்தி, முட்டையை உடையாமல் தொண்டைக்குள் இறக்கியது. பிறகு பிளந்த நாக்கை ஒருமுறை வெளியே விட்டு, நிதானமாகக் கோகிலவாணியைப் பார்த்தது. அவசரமாக எதையோ சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புகிற ஒரு ஆளைப் போல இருந்தது அந்தப் பார்வை. அவள் கைப்பேசியில் படம் எடுத்தாள். வந்தது பழுப்பு நிறத்தில் ஒரு தீற்றல் மட்டும்தான்.

நாமக்கல்லில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஆனந்தகுமாரிடம் அந்தத் தீற்றலைக் காட்டி, "இதோட முகத்தத் தெளிவா எடுக்கறதுக்கு என்னுங்க பண்ணோணும்?" என்று கேட்டாள். அவர்தான் கிருத்திகாவின் காதுகுத்துக்குப் படம் எடுத்தவர். அவர் சிரிக்கவில்லை. பீரோவைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு நீண்ட லென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். கைக்குழந்தையின் கனம் இருந்தது.

"பறவை எடுக்கலாம்னு ஆசையா வாங்குனேனுங்க. முதுகு போயிருச்சு. இத வெச்சுக் கல்யாணத்துல எதை எடுக்கறது, பொண்ணோட மூக்குத்தியவா? ஞாயித்துக்கெழம எடுத்துட்டுப் போங்க. திங்கக்கெழம கொண்டாந்து குடுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னதையே அன்று இரவு அவள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். எப்போதோ ஒருமுறை வீட்டு விசேஷத்துக்குப் படம் எடுத்தவர், கேட்காமலேயே கேமராவையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

உடும்பு எங்கே வெயில் காயும் என்று விசாரித்ததில் எல்லோரும் ஆற்றைத்தான் கை காட்டினார்கள். ஜேடர்பாளையத்துக்குக் கீழே காவிரி நடுவே பாறைத்திட்டுகள் நிறைய. ஆட்கள் தொல்லை இல்லாததால் உடும்புகள் நீந்திப் போய் அங்கே கிடக்குமாம். பரிசலில்தான் போக வேண்டும். அப்படித்தான் அவள் பழனியம்மாளிடம் வந்து சேர்ந்தாள்.

பழனியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த வீட்டில் ஆற்றில் இறங்கி வலை வீசுவது அவள்தான். கணவர் கரையில் இருந்து மீனை வாங்கிக்கொண்டு போய் விற்று வருவார். தார் பூசிய மூங்கில் பரிசலும் ஒற்றைத் துடுப்பும் அவளுக்குக் கை கால் மாதிரி. கோகிலவாணி வந்த காரியத்தைச் சொன்னதும் அவள் துடுப்பை மணலில் ஊன்றிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தாள்.

"உடும்பப் புடிக்கறவங்களப் பாத்திருக்கறன். படம் புடிக்கறவங்கள இப்பத்தான் பாக்கறன். ஏறு அம்மிணி."

முதல் ஞாயிறே கோகிலவாணிக்கு ஒன்று புரிந்துவிட்டது. தொலைவில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் லென்ஸ், கையின் நடுக்கத்தையும் அதே அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டும். பரிசலோ வட்டமானது. முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. காற்றடித்தால் ஒரு சுற்று, தண்ணீர் இழுத்தால் ஒரு சுற்று. பாறைமேல் உடும்பு தெரியும். குறி வைப்பதற்குள் லென்ஸில் கரையின் தென்னை மரம் வந்து நிற்கும். மறுபடி திரும்புவதற்குள் உடும்பு தொப்பென்று தண்ணீரில் விழுந்திருக்கும்.

பத்து ஞாயிறுகள் இப்படியே போயின. வால் மட்டும் வந்தது. பாறை மட்டும் வந்தது. ஒருமுறை பழனியம்மாளின் முழங்கை மிகத் தெளிவாக வந்தது. ஒவ்வொரு வாரமும் வீட்டுக்குப் போகும்போது, அடுத்த வாரம் வரக்கூடாது என்று நினைப்பாள். ஆனால் கரையிறங்கும்போது பழனியம்மாள், "அடுத்த வாரம் இன்னும் வெள்ளனே வந்துரு. பொழுது ஏறுனா அதுக்குச் சூடு புடிச்சு வெசையா ஓடீருது" என்பாள். படம் வராதது தன்னுடைய குறை என்பதைப் போல இருக்கும் அவள் பேச்சு. அதற்காகவே இவள் மறுபடியும் ஸ்கூட்டரை எடுப்பாள்.

பதினோராவது ஞாயிறு ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில் வந்தது. இன்னும் சில நாளில் மேட்டூர் அணை திறந்துவிடுவார்கள் என்று பேச்சு. திறந்தால் பாதித் திட்டுகள் மூழ்கிவிடும். பரிசலும் போகாது. மழைக்காலம் முடிந்து தண்ணீர் இறங்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

"இன்னைக்கு உட்டா தைக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே பழனியம்மாள் பரிசலைத் தள்ளினாள்.

காலை ஏழு மணி இருக்கும். நடு ஆற்றில் பெரிய திட்டுக்கு எதிரே வந்ததும் அவள் துடுப்பைச் சட்டென்று நிறுத்தினாள். வாயால் சொல்லாமல் தாடையால் காட்டினாள். வழுவழுப்பான பாறையின் மேல் இரண்டு உடும்புகள், ஒன்றையொன்று பார்த்தபடி. இரண்டும் பெரியவை. கழுத்தைப் புடைத்துக்கொண்டு ஒன்றையொன்று சுற்றி வந்தன.

கோகிலவாணி பரிசலுக்குள் குப்புறப் படுத்தாள். விளிம்பில் சாக்கைச் சுருட்டி வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்தினாள். உடும்புகள் கண்ணுக்குள் வந்தன. மெதுவாக நகர்ந்தன. அப்புறம் காணாமல் போயின. பரிசல் சுற்றத் தொடங்கிவிட்டது.

"அக்கா, திரும்புதுங்கக்கா" என்று கிசுகிசுத்தாள். அழுகை வந்துவிடும் போல இருந்தது.

பின்னால் தண்ணீர் லேசாகச் சளசளத்தது. பரிசல் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. அதன்பிறகு அது அசையவேயில்லை.

பழனியம்மாள் சத்தமில்லாமல் ஆற்றில் இறங்கியிருந்தாள். நெஞ்சளவுத் தண்ணீரில், அடியில் கிடந்த கற்களுக்கு நடுவே காலை ஊன்றி, இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோகிலவாணி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை. ஏனென்றால் லென்ஸுக்குள் அந்த இரண்டு உடும்புகளும் எழுந்து நின்றுகொண்டிருந்தன.

பின்னங்கால்களையும் வாலையும் ஊன்றி, மனிதர்களைப் போல நிமிர்ந்து, நெஞ்சோடு நெஞ்சு மோதி, முன்னங்கைகளால் ஒன்றன் தோளை ஒன்று கட்டிக்கொண்டன. மல்யுத்தக்காரர்கள் மாதிரி ஒன்றையொன்று தள்ளின. தொண்டையில் மஞ்சள் ஏறியிருந்தது. கண்ணைச் சுற்றிய சின்னச் சின்னச் செதில்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. வெயில் அவற்றுக்குப் பின்னாலிருந்து வந்ததில், இரண்டு வயிற்றுக்கும் நடுவே ஒரு கோடு போல வெளிச்சம் நின்றது. விழுந்தன. எழுந்தன. மறுபடி கட்டிக்கொண்டன. அவள் விரல் ஷட்டரை அழுத்திக்கொண்டே இருந்தது. மூச்சு விட்டாளா என்றுகூட அவளுக்கு நினைவில்லை.

நடுவில் ஒருமுறை பின்னாலிருந்து "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் கேட்டது.

"என்னுங்கக்கா?" என்றாள், கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்ல. நீ பாரு அம்மிணி."

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்பது பிறகு படங்களில் பதிந்திருந்த நேரத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே இருபது நிமிடம். கடைசியில் ஒரு உடும்பு பிடி நழுவி மல்லாக்க விழுந்து, புரண்டு, தண்ணீரில் இறங்கி மறைந்தது. மற்றது பாறையிலேயே வயிற்றைப் பரப்பிக் கிடந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"அக்கா! வந்துருச்சுங்கக்கா! கண்ணு தெரியுது, நகம் தெரியுது, எல்லாம்..." என்று கத்திக்கொண்டே திரும்பியவள் பாதியிலேயே பேச்சை நிறுத்தினாள்.

பழனியம்மாளின் முகத்தில் ரத்தமே இல்லை. கழுத்துவரை நனைந்திருந்த உடம்பில் நெற்றி மட்டும் வேர்த்து வழிந்தது. விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா? அப்பச் சித்த கையக் குடு. கெளுத்தி ஒண்ண மிதிச்சுட்டன்."

கெளுத்தி மீனின் முள் குத்தினால் எப்படி வலிக்கும் என்று கோகிலவாணிக்குத் தெரியும். கையில் லேசாகக் கீறினதற்கே பெரிய ஆண்பிள்ளைகள் துடித்துப் போனதைப் பார்த்திருக்கிறாள். அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். பரிசல் கவிழ்ந்துவிடும் போலச் சாய்ந்தது. எப்படியோ பழனியம்மாள் உருண்டு உள்ளே வந்து விழுந்தாள். வலது உள்ளங்காலில் முள் ஏறி முறிந்திருந்தது. நுனிதான் வெளியே தெரிந்தது. பாதம் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது.

"எப்பங்கக்கா குத்துச்சு?"

"எறங்குன கொஞ்ச நேரத்துலயே."

கோகிலவாணி பதினெட்டு வருடமாக ரத்தத்தைப் பார்த்துப் பழகியவள். ஆனாலும் துப்பட்டாவால் அந்தக் காலைக் கட்ட அவள் மூன்று தடவை முடிச்சுப் போட வேண்டியிருந்தது. முள்ளைத் தானே பிடுங்கப் பார்க்கவில்லை. உள்ளே இன்னும் முறிந்தால் ஆபத்து. லென்ஸைப் பைக்குள் திணித்துவிட்டு, துடுப்பை எடுத்தாள். வாழ்நாளில் முதல்முறை.

"முன்னாடி போட்டு உங்கிட்ட இழு. பக்கத்துல போடாத. முன்னாடி!" பழனியம்மாள் படுத்தபடியே சொன்னாள்.

முன்னால்தான் போட்டாள். பரிசல் கரையைப் பார்க்காமல் தன்னைத்தானே சுற்றியது. தென்னந்தோப்பு, திட்டு, பாலம், மறுபடி தென்னந்தோப்பு. சுற்றிக்கொண்டே ஆற்றோடு இறங்கியது. கீழே ஒரு பர்லாங்கு தூரத்தில் பாறைகளுக்கு இடையே தண்ணீர் குறுகிச் சரியும் இடம் ஒன்று உண்டு. அதன் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது.

"அக்கா, எனக்கு வரமாட்டீங்குதுங்கக்கா!"

"வரும். எட்டு போடறாப்லத் துடுப்ப இக்கட்ட அக்கட்ட ஆட்டு. தண்ணியப் பாக்காத, கரையப் பாரு. அந்த மோட்டார் ரூம் தெரியுதா, சுண்ணாம்பு அடிச்சது? அதப் பாத்துட்டே இழு."

அவள் மோட்டார் அறையையே பார்த்தாள். தோள் கழன்றுவிடும் போல வலித்தது. உள்ளங்கையில் தோல் உரிந்தது. சுற்றுவது மெல்லக் குறைந்தது. பரிசல் தள்ளாடித் தள்ளாடி, ஒரு மாதிரிக் கோணலாகக் கரைப்பக்கம் நகர்ந்தது. இரைச்சல் வலது காதில் கேட்டுக்கொண்டிருந்தபோது, அடியில் மணல் உரசும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை அவள் அதுவரை கேட்டதில்லை.

வழக்கமான படித்துறையில் இருந்து வெகுதூரம் கீழே வந்திருந்தார்கள். பழனியம்மாளின் கையைத் தோள்மேல் போட்டுக்கொண்டு, மணலிலும் கோரைக்காட்டு வரப்பிலுமாக நடந்தாள். பழனியம்மாள் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்தாள். வலியோடு வலியாக அவளுக்குச் சிரிப்பு வேறு.

"எத்தன சுத்து சுத்துன தெரியுமா? பதினாறு. நான் எண்ணிக்கிட்டே வந்தன்."

சாலையில் கோரை ஏற்றிக்கொண்டு போன டிராக்டரைக் கை காட்டி நிறுத்தினாள். ஓட்டி வந்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதிக் கோரையை அங்கேயே இறக்கிப் போட்டு, இடம் பண்ணி, இருவரையும் ஏற்றிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில் விட்டுவிட்டுத்தான் போனார். அவர் பெயரைக் கேட்கவேண்டும் என்று கோகிலவாணிக்கு அப்போது தோன்றவில்லை. அந்த வருத்தம் அவளுக்கு இன்றும் உண்டு.

முள்ளை எடுக்க அரைமணி நேரமானது. வெள்ளைத் தட்டில் வைத்தபோது ஒரு விரல்கணு நீளம் இருந்தது. மருந்து கட்டி, ஊசி போட்டு, சுடுதண்ணீரில் காலை வைக்கச் சொல்லிவிட்டு நர்ஸ் போனதும், கோகிலவாணி அந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"ஏனுங்கக்கா இப்படிப் பண்ணீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே திரும்பியிருக்கலாமில்லீங்க?"

பழனியம்மாள் காலை வாளிக்குள் ஆட்டிக்கொண்டே யோசித்தாள்.

"பத்து வாரமா வெறுங்கையோட போயிட்டிருக்கற. அதுக ரெண்டும் எந்திரிச்சு நிக்குது. நானே இத்தன வருசத்துல ஒருக்காத்தான் அப்படிப் பாத்திருக்கறன். நான் கத்துனா ஓடிப் போயிரும். முள்ளு எப்படியும் ஏறிப் போச்சு. கத்துனா எறங்கீருமா?"

கோகிலவாணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அது அந்த இடத்தில் சொல்கிற வார்த்தையாகத் தெரியவில்லை. பிறகு வெளியே போய் இரண்டு டீ வாங்கி வந்தாள்.

சில நாள் கழித்து அணை திறந்தார்கள். பழனியம்மாளின் கால் ஆற மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று ஞாயிறுகளும் கோகிலவாணி கேமரா இல்லாமல் போனாள். முதல் வாரம் என்ன கொண்டுபோவது என்று தெரியாமல் தெரிந்த பண்ணையில் முப்பது முட்டை வாங்கி அட்டையோடு கொண்டுபோய் வைத்தாள்.

"உடும்புக்குப் போடறாப்ல எனக்கு முட்டையா?" என்று பழனியம்மாள் கேட்டதும், அவள் கணவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அன்று அந்த வீட்டில் அவளுக்குக் கெண்டை மீன் குழம்போடு சோறு போட்டார்கள். இரண்டாவது வாரம் ரேஷன் கடைக்குப் போய் வந்தாள். மூன்றாவது வாரம் சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாள். பழனியம்மாளுக்கு அந்த வாரம்தான் ரொம்பப் பிடித்திருந்தது என்று பின்னால் அவள் கணவர் சொன்னார்.

எடுத்த படங்களில் ஒன்றை ஆனந்தகுமார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உடும்புகள் இரண்டும் கட்டிக்கொண்டு நிற்க, நடுவே வெளிச்சம் கோடாக நிற்கும் படம். "பரிசல்ல இருந்தா எடுத்தீங்க? பாறையில ஸ்டாண்டு நட்டு எடுத்தாப்ல இருக்குதுங்க" என்றார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் எழுந்து போய் பெரிய தாளில் அதை அச்செடுக்க ஆரம்பித்தார்.

செப்டம்பரில் சேலத்தில் இயற்கை ஆர்வலர்கள் சிலர் ஒரு கண்காட்சி வைத்தார்கள். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சமுதாயக் கூடம். ஆனந்தகுமார்தான் படத்தை அனுப்பிவைத்தார். படத்துக்குக் கீழே ஒட்டுவதற்கு ஒரு அட்டை கொடுத்து, அதில் பெயர் எழுதச் சொன்னார்கள். கோகிலவாணி தன் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே அதே அளவு எழுத்தில், "பரிசலை அசையாமல் பிடித்தவர்: பழனியம்மாள்" என்று எழுதினாள். அமைப்பாளர்களில் ஒருவர் இப்படி எழுதும் வழக்கம் இல்லையே என்றார். "இருக்கட்டுமுங்க" என்று ஒட்டிவிட்டு வந்தாள்.

இரண்டாவது நாள் பழனியம்மாள் வந்தாள். கணவரோடும், தன் தங்கையோடும், தங்கையின் சம்பந்தி வீட்டார் மூன்று பேரோடும் வந்தாள். டவுன் பஸ்ஸில் இறங்கி, மூட்டை ஏற்றும் வண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே லேசாகக் காலை இழுத்து நடந்து வந்திருந்தாள். கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம்.

படத்துக்கு எதிரே நின்றாள். முதலில் உடும்புகளைப் பார்த்தாள். பிறகு குனிந்து அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். முந்தானையால் ஒருமுறை மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு எனக்கு இதுக ரெண்டும் நெழலாட்டத்தான் தெரிஞ்சுது. இப்பத்தான் மூஞ்சியப் பாக்கறன்" என்றாள்.

கோகிலவாணி அமைப்பாளர் கூப்பிட்டார் என்று உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தபோது, படத்தைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். நடுவில் பழனியம்மாள் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"...காலு செத்தாப்ல ஆகிப்போச்சுங்க. நான் மயங்கிட்டன். கீழ பாற இடுக்குல தண்ணி இழுக்குது. உழுந்தா ரெண்டு பேரும் அதோகதிதான். துடுப்பையே தொட்டறியாத புள்ளைங்க. ஒரே புடியா இழுத்து, அம்பு மாதிரி கரைக்குக் கொண்டாந்துட்டா. அப்பறம் என்னயத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு அரை மைல் நடந்தா. இன்னைக்கு நான் நிக்கறன்னா அந்தப் புள்ளையாலதானுங்க."

கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கண் கலங்கிவிட்டார். "யாருங்க அந்தப் பொண்ணு?" என்றார்.

"இதா, வந்துட்டாளே!"

எல்லோரும் திரும்பினார்கள். கோகிலவாணிக்கு முகம் சிவந்தது.

"பொய்யுங்க. அக்கா மயங்கவும் இல்ல, நான் தூக்கவும் இல்ல. தாங்கலாத்தான் கூட்டியாந்தன். அம்பு மாதிரியாம்! பதினாறு சுத்து சுத்துனன், இவங்கதான் எண்ணுனாங்க. முள்ளு குத்தி நின்னது இவங்க. இவங்க அசையாம நின்னதாலதான் இந்தப் படமே வந்துச்சு."

"பதினாறு சுத்துனது உண்மதான். ஆனாக் கரை வந்துச்சா இல்லியா?"

"நீங்க சொல்லிக் குடுத்தீங்க, வந்துச்சு."

"சொல்லிக் குடுத்தா எல்லாருக்கும் வந்துருமா? எங்கூட்டுக்காரருக்கு முப்பது வருசமாச் சொல்லிக் குடுக்கறன், கேளு!"

கணவர் வெட்கத்தோடு தலையை ஆட்டினார். பெரியவர் இவளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். யாரைப் பாராட்டுவது என்று அவருக்குப் புரியவில்லை. கடைசியில் இருவருக்கும் பொதுவாகக் கைகூப்பிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

கூட்டம் கலைவதற்குள் வேறு சிலர் வந்து நின்றார்கள். ஒரு பெண் அட்டையைப் படித்துவிட்டு, "பரிசலை அசையாமல் பிடித்தவர்னா என்னங்க?" என்று கேட்டாள்.

பழனியம்மாள் தொண்டையைச் செருமினாள். கோகிலவாணி அவளைத் தடுக்கவில்லை. சுவரோரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காந்து சொல்லுங்கக்கா, காலு வலிக்கும்" என்றாள்.